பெப்சி பாசியும் குருசடைத் தீவும்: ஒரே பாசி, இரண்டு ஆய்வுகள்

தொண்டியிலிருந்து ஈசிஆர்ல தெற்கே தேவிபட்டினம் பக்கமா பஸ்ல போயிருக்கீங்களா? வழியில் உப்பூர் வரும். வெயிலுகந்த விநாயகர் கோயில் இருக்கிற ஊர். ராமேஸ்வரம் போகிறவர்கள் முதலில் இங்கே கும்பிட்டுவிட்டு, தேவிபட்டினத்தில் நவகிரகத்தைப் பார்த்துவிட்டு, அப்புறம்தான் தீவுக்குப் போவார்கள். கோயிலைத் தாண்டினால் உப்பளம், சீமைக்கருவேலம், அதுக்கும் அந்தப் பக்கம் சத்தமே போடாத கடல். பாக் விரிகுடா. அலை பார்க்க ஆசைப்பட்டு வந்தால் ஏமாந்துதான் போவீங்க.

கொஞ்ச வருஷம் முன்னாடி வரைக்கும் இந்த ஊர் பெயர் செய்தியில் வந்தால் அது அனல் மின் நிலையத்துக்காகத்தான் இருக்கும். 800 மெகாவாட்டில் இரண்டு யூனிட், நிலக்கரி. அதன் சுற்றுச்சூழல் அனுமதியை 2021-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நிறுத்தி வைத்தது. அது தனிக் கதை, இன்னொரு இதழுக்கு வச்சுக்கலாம். இப்போது இதே பகுதியின் பெயர் வேறொரு விஷயத்தில் அடிபடுகிறது. உப்பூரை ஒட்டிய வளமாவூரில் பல்நோக்கு கடற்பாசிப் பூங்கா. மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் சுமார் 127 கோடி ரூபாய். 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். விதைப் பாசி, திசு வளர்ப்புக் கூடம், பதப்படுத்தும் வசதி எல்லாம் ஒரே இடத்தில் என்பது திட்டம்.

"பாசிக்கு 127 கோடியா?" என்று கேட்கிற ஆளா நீங்க? இன்றைக்குக் காலையில் பல் தேய்த்தீர்களா, மதியம் கேண்டீனில் சாக்லேட் மில்க் குடித்தீர்களா என்று முதலில் சொல்லுங்க. அடுத்த தடவை பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க. "ஐஎன்எஸ் 407" என்று பொடி எழுத்தில் ஒரு எண் இருக்கலாம். அதன் பெயர் கராஜீனன். அது வருவது சிவப்புப் பாசியிலிருந்து. அதிலும் பெரும்பங்கு கப்பாபைகஸ் அல்வரேசி என்ற ஒரே ஒரு இனத்திலிருந்து.

மண்டபம், பாம்பன் பக்கம் அந்தப் பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாது. "பெப்சி பாசி" என்று கேளுங்க, உடனே கை காட்டுவாங்க.

பெயர்க் காரணம் ரொம்ப சிம்பிள். இந்தப் பாசி நம்ம கடலில் பிறந்தது இல்லை, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. ஜப்பானில் வளர்த்து வைத்திருந்த ஒரு வகையை 1984-ல் இந்தியாவுக்குக் கொண்டு வந்தது குஜராத் பாவ்நகரில் தலைமையகம் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். நம்ம ஊர் பெயரிலும் உப்பு, அந்த நிறுவனத்தின் பெயரிலும் உப்பு. இந்தக் கட்டுரையில் அதை "உப்பு நிறுவனம்" என்றே கூப்பிடுவோம், முழுப் பெயரையும் ஒவ்வொரு முறையும் டைப் பண்ண என்னால் ஆகாது. முதலில் குஜராத் கடலில் வளர்த்துப் பார்த்தார்கள். 1990-களின் நடுவில் மண்டபத்தில் உள்ள அவர்களுடைய மையத்துக்கு வந்தது. 2000-க்குப் பிறகு வணிக அளவில் வளர்ப்பதற்கான தொழில்நுட்பத்தை அவர்களிடமிருந்து வாங்கியது பெப்சிகோ. கம்பெனி 2008 வாக்கில் கை மாறிவிட்டது. பாசிக்கு அந்தப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

சாக்லேட் பாலில் இதற்கு என்ன வேலை? கோகோ பொடி பாலில் கரையாது, மிதந்துவிட்டு அடியில் போய்ப் படியும். கராஜீனன் ஒரு நீளமான சர்க்கரைச் சங்கிலி. அதில் சல்பேட் தொகுதிகள் தொங்கும், அதனால் எதிர்மின்னூட்டம். பாலில் இருக்கும் கேசின் புரதத்தோடு அது பிடித்துக்கொண்டு கண்ணுக்குத் தெரியாத தளர்ந்த வலை ஒன்றைப் பின்னும். கோகோ துகள்கள் அந்த வலையில் மாட்டிக்கொண்டு கீழே விழாமல் நிற்கும். பொட்டாசியம் அயனி சேர்ந்தால் கதையே வேறு. சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்குகளுக்கு நடுவில் பொட்டாசியம் வந்து உட்கார்ந்து கட்டிவிடும், கெட்டியான ஜெல் கிடைக்கும். பாலிமர் கெமிஸ்ட்ரி பேப்பரில் "க்ராஸ் லிங்கிங்" என்று படித்தோமே, அதன் சாப்பிடக்கூடிய உதாரணம் இது.

பாசியை அரைத்துப் பிழிந்தால் வரும் சாறும் வீணாகாது. சாற்றை உரமாகவும் மிச்சச் சக்கையைக் கராஜீனனாகவும் மாற்றும் முறைக்கு உப்பு நிறுவனம் காப்புரிமை வாங்கியிருக்கிறது. இஃப்கோவின் "சாகரிகா" உங்க வீட்டில் வயல் இருந்தால் அப்பாவுக்குத் தெரிந்திருக்கும், அதுவும் கடற்பாசிச் சாறுதான். 2009-ல் வெளியான ஒரு ஆய்வில், மழையை நம்பிய நிலத்தில் சோயாவுக்கு இந்தச் சாற்றை 15 சதவீத அடர்த்தியில் தெளித்தபோது தெளிக்காததை விட 57 சதவீதம் அதிக விளைச்சல். 12.5 சதவீதத்தில் 46. ஒரு பயிர், ஒரு வகை நிலம், அதில் கிடைத்த எண் இது என்பதை மனசில் வச்சுக்கிட்டுப் படிங்க. விளம்பரத்தில் வரும்போது அந்த "ஒரு பயிர், ஒரு நிலம்" மட்டும் காணாமல் போயிருக்கும்.

இவ்வளவும் நல்ல செய்தி. இப்ப சிக்கலுக்கு வருவோம்.

பாம்பனுக்குத் தெற்கே

பாம்பன் பாலத்தில் ரயிலில் போகும்போது வடக்கே பார்த்தால் பாக் விரிகுடா, தெற்கே பார்த்தால் மன்னார் வளைகுடா. நடுவில் இருப்பது ஒரு குறுகிய கால்வாய்தான், ஆனால் இரண்டும் வேற வேற கடல். வடக்கே ஆழம் குறைவு, சேறும் கடல்புல்லும் அதிகம். தெற்கே தூத்துக்குடி வரைக்கும் 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. 1986-ல் அந்தத் தீவுகளைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். பாம்பனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது குருசடைத் தீவு. விலங்கியல்காரர்களுக்கு அது சொர்க்கம். அந்தத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி மட்டுமே சென்னை அருங்காட்சியகம் 1927-ல் ஒரு தொகுப்பு வெளியிட்டிருக்கிறது என்றால் பாருங்க.

2008-ல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். சந்திரசேகரன் குழுவினர் "கரண்ட் சயின்ஸ்" இதழில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். ஆறே பக்கம். குருசடைத் தீவின் பவளங்கள் மேல் கப்பாபைகஸ் படர்ந்து வளர்கிறது என்பதுதான் செய்தி. அதிலும் அக்ரோபோரா என்ற கிளைக்கொம்புப் பவளங்கள் மேல்.

பவளத்தின் மேல் பாசி படர்ந்தால் என்ன ஆகும் என்று கேட்கலாம். பவளம் என்பது கல் இல்லை. சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாகக் கட்டிய வீடு. அந்த உயிர்களின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைத்துக் கொடுக்கும் சர்க்கரையைத்தான் பவளம் பெரும்பாலும் சாப்பிடுகிறது. மேலே கம்பளம் மாதிரி இன்னொரு பாசி மூடிவிட்டால் வெளிச்சம் போச்சு, சமையல் நின்றது, நீரோட்டமும் தடைபடும். வீட்டு மேல தார்பாய் போட்டு மூடின மாதிரி.

இரண்டு வருஷம் கழித்து, 2010-ல், உப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் "ஆல்கே" என்ற இதழில் பதில் எழுதினார்கள். அவர்களும் அதே குருசடைக்குப் போய் அளந்தார்கள். பாசி மூடியிருக்கும் பரப்பு 77 சதுர மீட்டருக்கும் குறைவு, மன்னார் வளைகுடாவின் மொத்தப் பவளப் பரப்பில் அது ஒன்றுமே இல்லை, இந்தப் பாசி இங்கே முழுமையான இனப்பெருக்கச் சுழற்சியை நடத்துவதில்லை, வித்துகள் பிழைப்பதும் குறைவு, மேய்வதற்கு மீன்களும் நிறைய. எனவே மேலும் பரவுவது கடினம். இதுதான் அவர்கள் வாதம்.

இப்ப நீங்க யார் பக்கம்?

நம்மில் பாதிப் பேர் உடனே "வளர்க்கச் சொன்னவங்களே ஆபத்து இல்லைன்னு சொன்னா எப்படி நம்புறது" என்போம். மீதிப் பேர் "மொத்தமே 77 சதுர மீட்டர், நம்ம டிபார்ட்மென்ட் லேப் அளவு, இதுக்கா இவ்வளவு சத்தம்" என்போம். இரண்டுமே சோம்பேறித்தனமான வாசிப்பு என்பது என் கருத்து. யார் எழுதினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் அதை வைத்து மட்டும் ஒரு அளவீடு பொய் ஆகிவிடாது. எண் சிறிதாக இருக்கிறது என்பதால் விஷயம் சிறிது என்றும் ஆகிவிடாது.

இரண்டு கட்டுரைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். இரண்டு குழுவும் ஒரே கேள்விக்கு எதிரெதிர் பதில் சொல்லவில்லை. ஒரு குழு "இந்தக் கல்லின் மேல் என்ன நடக்கிறது" என்று பார்த்தது. இன்னொரு குழு "மொத்த வளைகுடாவில் இது எத்தனை பங்கு" என்று பார்த்தது. கீழ்வாயை மாற்றினால் பின்னமும் மாறும், அவ்வளவுதான். ஒரு குறிப்பிட்ட தேதியில் பரவியிருந்த பரப்பு சின்னது என்பது உண்மை. அந்தப் பரப்புக்குள் இருந்த பவளங்கள் மூடப்பட்டன என்பதும் உண்மை.

வித்து விஷயமும் அப்படித்தான். "இனப்பெருக்கம் செய்யாது" என்றால் "பரவாது" என்று காதில் விழுகிறது. ஆனால் இந்தப் பாசியைக் கடலில் வளர்க்கிறவர்கள் யாரும் வித்து தூவுவதில்லையே! கையளவு துண்டை முறித்துக் கயிற்றில் கட்டுகிறார்கள், அது வளர்கிறது. முருங்கைக் கிளையை வெட்டி நட்டால் வருகிற மாதிரி. வளர்ப்பு முறையே அதுதான் என்றால், அலையில் முறிந்த துண்டும் அதையேதானே செய்யும்?

ஒரு சின்னக் கணக்கு

இதை நாமே போட்டுப் பார்க்கலாம். இங்கே வழக்கமான முறை மூங்கில் தெப்பம். மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் சதுரம், குறுக்கே கயிறுகள், ஒவ்வொரு கயிற்றிலும் முடிச்சு முடிச்சாகப் பாசித் துண்டுகள். தெப்பத்துக்குச் சுமார் 60 கிலோ விதைப் பாசி கட்டினால் 45 நாளில் சுமார் 260 கிலோ எடுக்கலாம் என்பது நல்ல பருவத்தில் சொல்லப்படும் கணக்கு. காயவைத்தால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும்.

60-லிருந்து 260. இயற்கை மடக்கை எடுத்து 45-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 3.3 சதவீத வளர்ச்சி. அதாவது மூன்று வாரத்துக்கு ஒரு முறை இரட்டிப்பு. இந்த வேகம் குறையவே இல்லை என்று வச்சுக்கிட்டா, தெப்பத்திலிருந்து நழுவிய 10 கிராம் துண்டு ஒரு வருஷத்தில் ஒன்றரை டன்னுக்குக் கிட்ட. காகிதத்தில் மட்டும்! கடலில் மீன் கடிக்கும், வாடைக் காற்று காலத்தில் அலை அடித்து நொறுக்கும், கலங்கல் வந்தால் வெளிச்சம் இருக்காது. பெரும்பாலான துண்டுகள் செத்துப்போகும். ஆனால் இது பெருக்கத் தொடர் என்பதால், இன்றைக்கு எத்தனை சதுர மீட்டர் என்ற ஒற்றை அளவு நாளைக்கு எத்தனை என்று சொல்லிவிடாது. ஒரு நாள் எடுத்த போட்டோவிலிருந்து வண்டியின் வேகத்தைச் சொல்ல முடியாத மாதிரி.

இதற்கு நம்மை விட மூத்த உதாரணம் ஒன்று இருக்கிறது. ஹவாய். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் மேக்ஸ்வெல் டோட்டி என்ற பாசியியலாளர் இருந்தார். பிலிப்பைன்ஸில் இந்தப் பாசி வளர்ப்புத் தொழிலாக மாறியதில் முக்கியப் பங்கு அவருடையது, இந்த இனத்தை 1985-ல் அறிவியல் முறைப்படி விவரித்துப் பெயர் வைத்ததும் அவர்தான். 1974-ல் ஹவாயின் கனியோஹே விரிகுடாவில் ஆராய்ச்சிக்காக இதைக் கொண்டு வந்து விட்டார்கள். 1983-ல் வந்த ஒரு ஆய்வு, ஆழமான நீரைத் தாண்டி இது தானாகப் பரவாது என்று கருதியது. 1999-ல் இன்னொரு ஆய்வு வந்தது. விட்ட இடத்திலிருந்து 6 கிலோமீட்டர் போயிருந்தது. வருஷத்துக்குச் சராசரியாக 250 மீட்டர். முதல் ஆய்வு ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை. ஒன்பது வருஷ அனுபவத்தை வைத்து எழுதினார்கள், பாசிக்கு இருபத்தைந்து வருஷம் தேவைப்பட்டது. அவ்வளவே.

நம் ஊரிலும் 2010-க்குப் பிறகு கதை குருசடையோடு நிற்கவில்லை. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் தீவு தீவாக முக்குளித்துக் கணக்கெடுக்கிறவர்கள். குருசடையைத் தவிர வேறு சில தீவுகளிலும் இந்தப் பாசி பவளத்தின் மேல் இருப்பதை அவர்கள் பதிவு செய்தார்கள். வனத்துறையோடு சேர்ந்து கையால் பிடுங்கும் வேலையும் நடந்திருக்கிறது.

"தடை இருந்ததே" என்று கேட்பீர்கள். இருந்தது. 2005-லேயே தமிழ்நாடு அரசு ஒரு ஆணை போட்டு, இந்த அயல் பாசியைப் பாக் விரிகுடா வடக்குப் பகுதியிலும் தூத்துக்குடிக்குத் தெற்கேயும் மட்டும்தான் வளர்க்கலாம் என்று கோடு கிழித்தது. தேசியப் பூங்காவுக்குள் கூடாது. நல்ல முடிவுதான். ஆனால் பாம்பன் கால்வாயில் நீர் ஒரே திசையில் ஓடுவதில்லை. வாடைக் காற்றுக் காலத்தில் வடக்கேயிருந்து தெற்கே, சோளகக் காற்றில் தெற்கேயிருந்து வடக்கே. இது பாம்பனில் வலை போடுகிற எந்த அண்ணனுக்கும் தெரியும். மிதக்கிற துண்டுக்கு அரசாணை தெரியாது. உப்பூர்க் கடல் அந்தக் கோட்டின் அனுமதிக்கப்பட்ட பக்கத்தில் இருக்கிறது என்பதையும், அதே தண்ணீர் வாடையில் எங்கே போகிறது என்பதையும் சேர்த்தே பார்க்கணும்.

பவளம் போனால் போகட்டும் என்கிறவர்களுக்கு

உண்மையிலேயே அப்படிச் சொல்கிற நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள். "கல்லை யாரு பார்க்கப் போறா, வேலைதான் முக்கியம்." சரி, அவங்களுக்காக ஒரு மருத்துவக் கதை.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் உயிரித் தொழில்நுட்பத் துறையில் மன்னார் வளைகுடாப் பவளங்களை வேறொரு காரணத்துக்காக ஆராய்ந்தார்கள். பவளத்தின் மேல் ஒரு வழுவழுப்பான சளிப்படலம் இருக்கும். அதில் ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் வாழ்கின்றன. 2009-ல் எஸ். கறுத்தப்பாண்டியன் குழுவினர் இரண்டு ஆய்வுகள் வெளியிட்டார்கள். ஒன்று, அக்ரோபோரா டிஜிட்டிஃபெரா என்ற பவளத்தில் என்னென்ன பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன என்பது. இன்னொன்று, அப்படிப்பட்ட பவள பாக்டீரியாக்களிலிருந்து எடுத்த சாறு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனஸ் என்ற கிருமி படலம் கட்டுவதைத் தடுக்கிறது என்பது.

அந்தக் கிருமி யார் தெரியுமா? தொண்டை வலி, காய்ச்சல் என்று சின்னதாக ஆரம்பித்து, கவனிக்காமல் விட்டால் சில குழந்தைகளுக்கு இதய வால்வு வரை போய்விடும், அதே ஆள். கிருமிகள் கூட்டமாகப் படலம் கட்டிக்கொண்டால் மருந்து உள்ளே நுழைவது கஷ்டம். படலத்தைக் கட்டவிடாமல் செய்வது, கிருமியைக் கொல்வதை விட வேறு மாதிரியான வழி. கொன்றால் தப்பிப் பிழைத்தவை மருந்துக்குப் பழகிவிடும், படலம் மட்டும் தடுக்கப்பட்டால் அந்த அழுத்தம் குறைவு என்பது எதிர்பார்ப்பு. இதெல்லாம் ஆய்வகத் தட்டில் நடந்தது, மருந்துக் கடைக்கு வர எத்தனையோ படி இருக்கிறது. ஆனால் மதுரைக்காரர்கள் குருசடையில் பாசியால் மூடப்பட்டதாகச் சொன்னதும் அக்ரோபோராதான், காரைக்குடிக்காரர்கள் மருந்து தேடிப்போனதும் அக்ரோபோராதான். இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு வேறு துறைகள், நடுவில் ஒரு பஸ் பயணம்.

ஒரு வேடிக்கை. பாக்டீரியாவைத் தட்டில் வளர்க்க ஒரு கெட்டியான தளம் வேண்டும். அதற்கு உலகம் முழுக்கப் பயன்படுவது அகர். 1880-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் ஜெலட்டின் வெயிலுக்கு உருகி உருகித் தொல்லை கொடுத்தபோது, ஃபேனி ஹெஸ்ஸே என்ற பெண் தன் சமையலறை அனுபவத்திலிருந்து சொன்ன யோசனை அது. அகரும் கடற்பாசிதான். நம் கடலின் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் அகர் தருகிறவை.

அந்தப் பாசிகளைப் பற்றிப் பேசினால் பெண்களைப் பற்றிப் பேசியாக வேண்டும். பாம்பன் பக்கத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இதைக் கையால் எடுக்கிறவர்கள். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, சேலையின் மேல் ஒரு சட்டையைப் போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்து முங்கி, கல்லிடுக்கில் இருப்பதைப் பிய்த்து இடுப்பில் கட்டிய பையில் போடுவார்கள். பூங்கா வந்ததும் அவர்கள் முங்குகிற இடமெல்லாம் தடைப் பகுதிக்குள் போனது. சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்தி அந்தப் பெண்களைத் திரட்டியவர். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, மீதி நாள் பாசியை வளரவிடுவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். 2015-ல் அவருக்கு சீகாலஜி பரிசு கிடைத்தது, தீவுகளின் சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சர்வதேசப் பரிசு அது.

இவர்களைப் போன்ற பெண்களுக்கு மாற்று வேலையாகத்தான் தெப்பப் பாசி வந்தது என்பதை மறந்துவிட்டு "அயல் இனம், ஒழிக" என்று கோஷம் போடுவது எளிது. இயற்கைப் பாசியைப் பிய்ப்பதைக் குறைக்க வளர்ப்புப் பாசி. வளர்ப்புப் பாசியால் பவளத்துக்கு ஆபத்து. பாசி வேண்டாம் என்றால் பெண்களுக்கு வருமானம் இல்லை. முக்கோணத்தின் எந்தப் பக்கத்தை இழுத்தாலும் மற்ற இரண்டும் அசையும்.

அந்த வருமானமும் நிரந்தரம் இல்லை. 2013 வாக்கில் தண்ணீர் சூடாகி, பாசி கூட்டம் கூட்டமாகச் செத்தது. உற்பத்தி சரிந்தது. சூடு, உப்பின் அளவு, வெளிச்சம் இவற்றில் ஏதாவது ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் பாசிக்கிளை நடுவில் வெளுத்துப் பனிக்கட்டி மாதிரி ஆகிவிடும். அதனால் அந்த நோய்க்கே "ஐஸ்-ஐஸ்" என்று பெயர். வெளுத்த இடத்தில் கிளை முறியும். முறிந்த நுனி மிதந்து போகும். ஆக, வெப்பம் ஏறும் வருஷம் விவசாயிக்கு நஷ்டம், கடலுக்கும் கூடுதல் துண்டுகள். ஒரே துண்டை வெட்டி வெட்டி இத்தனை வருஷம் நட்டதால் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே மரபணு. ஒன்றுக்கு வந்தால் எல்லாத்துக்கும் வரும். புதிய வகைகள் வேண்டும் என்பதால்தான் 2024-ல் மத்திய அரசு உயிருள்ள கடற்பாசியை இறக்குமதி செய்ய வழிமுறைகளை வெளியிட்டது. தனிமைப்படுத்தி வைத்துச் சோதித்த பிறகே கடலில் விட வேண்டும் என்பது அதில் உண்டு. 1984-ல் வந்ததற்கு இப்படி ஒரு விதிமுறை இல்லை.

இனி, இது நம்ம ஏரியா. ஹவாயில் பரவியதை என்ன செய்தார்கள் என்று பார்த்தால் மெக்கானிக்கல்காரர்களுக்குக் கண் விரியும். கையால் பிடுங்கிப் பார்த்தார்கள். பவளத்தின் இடுக்கில் ஒட்டிய துளியளவு திசு மிஞ்சினாலே மறுபடி வளர்ந்தது. பிறகு "சூப்பர் சக்கர்" என்று ஒரு படகு செய்தார்கள். படகின் மேல் பம்பு, அதிலிருந்து கடலுக்குள் இறங்கும் நீளமான குழாய். முக்குளிப்பவர் பாசியைப் பிய்த்துக் குழாய் வாயில் கொடுக்க, மேலே உறிஞ்சிவிடும். சாதாரணப் பம்பாக இருந்தால் இம்பெல்லர் பாசியை நறுக்கிவிடும், நறுக்கினால் ஆயிரம் துண்டு. அதனால் வென்சுரி முறையில் உறிஞ்சினார்கள். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேபில் அந்த வென்சுரிமீட்டரை எதுக்கு வச்சிருக்காங்கன்னே தெரியாம ரீடிங் எழுதினோமே, அதே தத்துவம். மேலே வந்த பாசி விவசாயிகளுக்கு உரமாகப் போனது. மிஞ்சிய துளிகளை மேய்வதற்கு அந்தக் கடலுக்கே சொந்தமான ஒரு வகைக் கடல் முள்ளெலிகளைப் பொரிப்பகத்தில் வளர்த்து லட்சக்கணக்கில் விட்டார்கள். இரண்டும் சேர்ந்து இரண்டு வருஷத்தில் அயல் பாசியின் பரப்பை 85 சதவீதம் குறைத்தது என்று 2018-ல் ஒரு ஆய்வு வந்தது.

இவ்வளவு செலவு செய்வதை விட, துண்டு தப்பாமல் பார்த்துக்கொள்வது மலிவு. இங்கே தெப்பத்துக்கு அடியில் வலை கட்டும் பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது, முக்கியமாக மீன் மேயாமல் இருக்க. அதே வலை துண்டுகளையும் பிடிக்கணும் என்றால் கண்ணி சிறிதாக வேண்டும். கண்ணி சிறிதானால் நீரோட்டம் குறையும், பாசிக்குச் சத்து போகாது, வலையிலேயே வேறு பாசியும் சிப்பியும் ஒட்டிக் கனம் ஏறும், வாடையில் தெப்பம் புரளும். பெரிதானால் 10 கிராம் துண்டு ஜாலியாக வெளியே போய்விடும். குழாய் வலைக்குள் பாசியைத் திணித்து வளர்க்கும் இன்னொரு முறையும் உண்டு, அதில் உடைவது குறைவு, அறுவடை செய்யும்போது கைவேலை கூடுதல்.

கண்ணியின் அளவு, இழுவிசை, ஒட்டுயிர்களால் கூடும் எடை, மூங்கிலுக்குப் பதில் என்ன, இதெல்லாம் சேர்த்து ஒரு குழுவில் உள்ள ஐந்து பெண்கள் தாங்களே தூக்கிக் கடலில் இறக்கும் எடைக்குள்ளும் அவர்கள் வாங்கும் கடனுக்குள்ளும் அடங்க வேண்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இன்னும் தலைப்பு முடிவாகாதவர்கள் யாராவது இருந்தால், தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை வளாகம் இருக்கிறது. அங்கிருந்து உப்பூருக்கு ஒரே பஸ். ஜன்னலோர சீட்டாகப் பிடித்து இடது பக்கம் பார்த்துக்கொண்டே வாங்க, கடல் அந்தப் பக்கம்தான்.